படுத்துக் கிடந்த துண்டு

1. டிப்போவுக்கு ஒரு காப்பி

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் லேப் கவுண்டரில் ஒருவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் இடம் இருந்தது. உட்காரச் சொன்னேன்.

"உக்கார முடிஞ்சா நான் எதுக்கு இங்கன வாரேன், சிஸ்டர்" என்றார்.

பெயர் இசக்கிமுத்து. வயது முப்பத்தாறு. திருநெல்வேலியிலிருந்து திசையன்விளை போகும் பஸ்ஸில் கண்டக்டர். பின்னால் அவர் மனைவி பேச்சியம்மாள் வயர் கூடையோடு நின்றிருந்தார். சனிக்கிழமை நாங்கள் கொடுத்த பயாப்சி ரிப்போர்ட்டை சர்ஜன் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். மெடிக்கல் லீவுக்கு டிப்போவில் அதன் காப்பி ஒன்று கேட்கிறார்களாம். அதற்காக வந்திருந்தார்கள்.

அந்த ரிப்போர்ட் எனக்கு நினைவிருந்தது. அவருடைய மலக்குடலில் ஒரு கட்டி. சர்ஜன் அதிலிருந்து கிள்ளி அனுப்பிய நான்கு சிறு துண்டுகளைப் பார்த்து, செல்கள் கட்டுமீறி வளர்கின்றன, புற்றுநோய் ஆரம்பமாக இருக்கலாம் என்று எங்கள் டாக்டர் எழுதியிருந்தார். புதன்கிழமை அட்மிஷன், வியாழக்கிழமை காலை ஆபரேஷன். கட்டி இருந்த இடம் மிகவும் கீழே. அதனால் மலக்குடலையே எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு, அங்கே ஒரு பை மாட்டிவிடுவார்கள். ஆயுள் முழுவதற்கும்.

இதை அவரே எனக்கு விளக்கமாகச் சொன்னார். "ஏற்கெனவே தோள்ல ஒரு பை கெடக்கு. இனிம வயித்துல ஒண்ணு. நம்ம பயலுவ ரெட்டப்பை கண்டக்டர்னு பேரு வச்சிருவானுவ."

"சும்மா இரியும்" என்றார் பேச்சியம்மாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது வேறு மாதிரி சொல்வேன் என்று எதிர்பார்ப்பது போல இருந்தது.  காப்பி எடுத்து, சீல் வைத்துக் கொடுத்தேன்.

வாசலில் அவர் மனைவியிடம் கேட்டது காதில் விழுந்தது. "பஸ்ஸுல கூட்டம் ஏறும்போ எவனாது அதுல முட்டிட்டாம்னா என்ன செய்ய?" அதைச் சிரிக்காமல் கேட்டார்.

2. என் வேலை என்ன என்பது

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு இதை வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

லேப் வண்ணார்பேட்டையில். வீடு தச்சநல்லூரில். அப்போது என் மகனுக்கு ஏழு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தையை என் மாமியார் பார்த்துக்கொள்வார். மதியம் பஸ் பிடித்துப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன்.

திசு பிரிவில் நானும் சுடலைமுத்து அண்ணாச்சியும் மட்டும். அவர் என்னைவிடப் பத்து வருஷம் சீனியர். பயாப்சித் துண்டுகள் ஃபார்மலின் ஊற்றிய சின்ன பாட்டிலில் வரும். ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, கடைசியில் மெழுகுக்குள் வைத்து உறைய விடுவோம். அதுதான் பிளாக். பித்தளையில் எல் வடிவத் துண்டுகள் இரண்டைக் கண்ணாடித் தட்டின் மேல் சேர்த்து வைத்தால் ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். அதில் மெழுகை ஊற்றி, சூடாக்கிய இடுக்கியால் துண்டை உள்ளே இறக்க வேண்டும். பிறகு மைக்ரோடோம் என்ற வெட்டும் இயந்திரத்தில் பிளாக்கைச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக டாக்டருக்குக் கொடுப்போம்.

இதில் குடல் துண்டு தனி ரகம். குடலின் உள்பக்கத் தோலில் கிணறு கிணறாக லட்சக்கணக்கான குழிகள் இருக்கின்றன. கிரிப்ட் என்போம். புதுச் செல்கள் கிணற்றின் அடியில்தான் பிறக்கும். பிறந்தவை மேலே ஏற ஏற, இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டுத் தங்கள் வேலைக்குத் தயாராகும். மேல்தளத்துக்கு வந்து நாலைந்து நாள் உழைத்து உதிரும். எவ்வளவு உதிருகிறதோ அவ்வளவு கீழே பிறக்கும். புண் வந்தால் அடியில் வேகம் கூடும், ஆறியதும் தானாகக் குறையும். புற்றுநோயில் கெட்டுப்போவது இந்த நிறுத்தம்தான். அப்போது மேல்தளம் வரைக்கும் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும்.

எனவே ஒரு குடல் துண்டில் வளர்ச்சி கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க, டாக்டருக்குக் கிணறு நெடுக வெட்டுப்பட்டுத் தெரிய வேண்டும். அடி, நடு, மேல்தளம் மூன்றும் ஒரே பார்வையில் வர வேண்டும். அதற்குத் துண்டை மெழுகுக்குள் விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் கிணறுகள் குறுக்கே வெட்டுப்பட்டு வெறும் வளையங்களாகத் தெரியும். அதிலும் அடிப்பக்கம் மட்டும் வெட்டுப்பட்டால், பார்க்கிற செல் எல்லாம் பிரிகிற செல்லாக, கறுத்த உட்கருவோடு, பயமுறுத்துவதாக இருக்கும்.

துண்டின் அளவு ஒரு கடுகு. அதை நிறுத்தி வைக்கிறோமா படுக்க வைக்கிறோமா என்பது லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மெழுகு உறைவதற்குள் பார்க்க வேண்டும்.

3. வளையங்கள்

இசக்கிமுத்து போன பிறகு காப்பிக்காக எடுத்த ஃபைலைத் திரும்ப வைத்தேன். பக்கத்து மேஜையில் போன வார ஸ்லைடுகள் டிரேயில் இருந்தன. திங்கட்கிழமைகளில் அவற்றை எண் வரிசையில் மரப்பெட்டியில் அடுக்குவது என் வேலை. அவருடைய எண் கையில் தட்டுப்பட்டது.  அந்த மனிதரைப் பார்த்துவிட்டேன், அவருடைய துண்டையும் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

வளையம் வளையமாக இருந்தது. நான்கு துண்டுகளிலும் அப்படியே. ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி ஓரம் முழுவதும் தேடினேன். மேல்தளம் என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை.

ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். போன வியாழக்கிழமை, பிளாக் வைத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

அந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. என் மகனுக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வயிற்றுப்போக்கு. குழந்தை டாக்டர், குடலின் உள்தோல் உரிந்திருக்கிறது, நாலைந்து நாளில் அதுவே புதிதாக வந்துவிடும், அதுவரை உப்புச் சர்க்கரைத் தண்ணீரை விடாமல் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். வியாழன் காலை பக்கத்து வீட்டிலிருந்து லேபுக்கு போன் வந்தது. பிள்ளை தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்கிறான், உடனே வா என்று மாமியார் சொல்லச் சொன்னாராம். என் முன்னால் பதினோரு பிளாக் மிச்சம். வேகமாக வைத்து முடித்துவிட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அவன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வயிறு சரியாகிவிட்டது.

நினைவில்லாத அந்த ஒரு விஷயம், லென்ஸை எடுத்தேனா இல்லையா என்பது.

அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். காலையில் வேறொரு மருத்துவமனையில் அவருக்கு வேலை. எங்களிடம் மூன்றிலிருந்து ஐந்து வரை. அவர் மேஜைக்கு மூன்று முறை போனேன். ஒரு முறை ஸ்லைடு கொடுத்தேன். ஒரு முறை ரிப்போர்ட் புத்தகம் கொடுத்தேன். மூன்றாவது முறை எதுவும் கொடுக்காமல் திரும்பி வந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பாட்டில்களின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று அழுது, அன்றைய கேஸ் அத்தனையையும் எல்லோரும் திரும்பச் சரிபார்க்கும்படி செய்தேன். ஒரு லேபிளும் மாறியிருக்கவில்லை. அப்போது டாக்டர், "கோமதி, உனக்கு இது ஒரு வியாதி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதை நான் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன சந்தேகம் வந்தாலும், இது விஷயமா, என் வியாதியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளி ஆசிரியர். நிதானமாகக் கேட்டார். "டாக்டர் பாத்துத்தான கையெழுத்துப் போட்டிருக்கார்? அவரு கண்ணுக்குத் தப்புனது ஒன் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நான் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நானும் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். டாக்டர் பார்த்திருக்கிறார். சர்ஜன் விரலால் கட்டியைத் தொட்டிருக்கிறார். நடுவில் நான் யார்?

4. "மேல்பக்கம் எங்க இருக்கு, சார்?"

செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே லேபுக்குப் போனேன். இந்த முறை வேறு விதமாகப் பார்த்தேன். இது புற்றுநோயா இல்லையா என்று யோசிக்கவே இல்லை. அது என் படிப்புக்கு மேற்பட்டது. மேல்தளம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தேடினேன். ஸ்லைடின் இடது மூலையில் ஆரம்பித்து, வயலில் ஏர் போவது போல வரிசை வரிசையாக வலது மூலை வரை போனேன். இல்லை. மறுபடி வலமிருந்து இடம் வந்தேன். இல்லை. இதில் அபிப்பிராயத்துக்கு இடமே கிடையாது.

அண்ணாச்சி வந்ததும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"படுத்துல்லா கெடக்கு" என்றார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிளாக்க உருக்கி, துண்ட மெதுவா நிறுத்தி வச்சு வெட்டிப் பாப்போம். வேற மாதிரி வந்தா டாக்டர்ட்ட சொல்லுவோம். இல்லன்னா யாருக்குந் தெரிய வேண்டாம்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் உருக்கும்போது துண்டு தொலைந்துபோனால்? அந்த மனிதரின் உடம்பிலிருந்து எடுத்ததில் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். டாக்டருக்குத் தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது என்றேன்.  "அப்பம் நீயே போயி சொல்லு" என்றார் அண்ணாச்சி.

மூன்று மணி வரை காத்திருக்காமல் டாக்டர் வேலை பார்க்கும் இடத்துக்கு போன் செய்தேன். அவர் ஒரு மணிக்கு வந்தார். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"இந்த ரிப்போர்ட்ல யாரு கையெழுத்து இருக்கு?"

"உங்க கையெழுத்து, சார்."

"அன்னைக்கு லேபிளு, இன்னைக்கு பிளாக்கா? ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. சர்ஜனுக்கு போன் பண்ணி எங்க டெக்னீசியனுக்குச் சந்தேகமா இருக்குன்னு சொல்லச் சொல்லுதியா?"

 காலையில் இரண்டு முறை தேடியது கண்ணுக்குள் இருந்தது. ஸ்லைடை அவருடைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

"மேல்பக்கம் எங்க இருக்குன்னு காட்டுங்க, சார். காட்டிட்டீங்கன்னா நான் வாய மூடிக்கிடுதேன்."

அவர் உட்கார்ந்து பார்த்தார். ஸ்லைடு நகரும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பார்த்ததைப் போலவே இடமிருந்து வலம் போனார், வலமிருந்து இடம் வந்தார். பிறகு கண்ணை எடுக்காமலேயே கேட்டார். "ஆபரேஷன் என்னைக்கு?"

"வியாழக்கெழம காலைல, சார்."

"பிளாக்ல மிச்சம் எவ்வளவு இருக்கு?"

மூன்று துண்டுகள் ஏற்கெனவே சீவப்பட்டுத் தாள் போல ஆகிவிட்டிருந்தன. ஒன்றில் மட்டும் கொஞ்சம் தடிமன் இருந்தது. சொன்னேன்.

அவர் சர்ஜனுக்கு போன் செய்தார். சர்ஜன் சொன்னதைப் பிறகு எங்களிடம் சொன்னார். கட்டி கையில் தட்டுப்படுகிறது, அது வேறு என்னவாக இருக்க முடியும் என்று கேட்டாராம். புதன் மாலை வரை காத்திருப்பார். அதற்குள் உறுதியாக எதையாவது சொன்னால் சரி. இல்லாவிட்டால் குறித்தபடி ஆபரேஷன் நடக்கும்.

5. கடுகை நிறுத்துவது

அண்ணாச்சியின் கை என் கையைவிட உறுதியானது. அவரையே வைக்கச் சொன்னேன். "நீ வச்சத நீதான் எடுக்கணும். எந்தப் பக்கமா வச்சியோ ஒனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, எனக்காக இடுக்கியைச் சூடாக்க ஆரம்பித்தார்.

பிளாக்கை ஓவனில் வைத்து உருக்கினோம். துண்டுகள் கண்ணுக்குத் தெரிவதற்காக மெழுகில் வைக்கும் முன்பே ஒரு சொட்டு இயோசின் சாயத்தில் தோய்ப்பது எங்கள் வழக்கம். உருகிய மெழுகில் நான்கு சிவப்புப் புள்ளிகள் மிதந்தன. தடிமனான புள்ளியை எடுத்து லென்ஸில் பார்த்தேன். விளிம்பு தெரிந்தது. எல் துண்டுகளுக்குள் முதலில் மெழுகை மெல்லிய படலமாக ஊற்றினேன். அது பாதி உறைகிற பதத்தில் துண்டை விளிம்பில் நிறுத்தினேன். சாய்ந்தது. மறுபடி நிறுத்தினேன். இடுக்கியில் சூடு அதிகமாகி, கீழே இருந்த மெழுகு இளகி, துண்டு முழுவதுமாகச் சாய்ந்து விழுந்தது. அண்ணாச்சி இடுக்கியை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்தார். மூன்றாவது முறை நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே மெழுகை ஊற்றினேன்.

புதன் காலையில் வெட்டினேன். எங்கள் ஊர் வெயிலில் மெழுகு இளகிக்கொண்டே இருக்கும். அதனால் எதிர்க்கடை ஜூஸ்காரரிடம் ஐஸ் வாங்கி வந்து பிளாக்கின் மேல் வைத்து வைத்துத்தான் சீவ வேண்டும். ஃபேன் போடக் கூடாது. போட்டால் சீவி வரும் மெழுகு ரிப்பன் பறந்துவிடும். நெற்றி வியர்வை அதில் சொட்டிவிடக் கூடாது என்று புடவைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டேன். முதல் ஐந்தாறு சீவலில் வெறும் மெழுகு. பிறகு நடுவில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. முந்தைய பிளாக்கில் வட்டமாக வந்த துண்டு இப்போது கோடாக வந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நின்றிருக்கிறது.

ரிப்பனை வெந்நீரில் மிதக்கவிட்டு, ஒரு சீவலையும் வீணாக்காமல் ஒன்பது ஸ்லைடுகளில் எடுத்தோம். சாயம் ஏற்றி முடிய மதியம் பன்னிரண்டரை ஆனது. டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். அன்று குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகவில்லை. போன் செய்து சொல்லிவிட்டேன். வேறு எந்த நாளிலும் இதற்காகவே பத்து முறை போன் செய்திருப்பேன். அன்று ஒரு முறைதான்.

டாக்டர் முதல் ஸ்லைடை வெகு நேரம் பார்த்தார். இரண்டாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்றாவதை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வந்து பாரு" என்றார்.

கிணறுகள் வரிசையாக நின்றன. அடியில் செல்கள் கறுப்பாக, நெருக்கமாக, அவசரத்தில் பிரிந்துகொண்டிருந்தன. சனிக்கிழமை டாக்டரைப் பயமுறுத்திய செல்கள் அவைதான். ஆனால் கண்ணை மேலே கொண்டுபோகப் போக நெருக்கம் குறைந்தது. உட்கருக்கள் சிறுத்து அடிப்பக்கம் ஒதுங்கின. மேல்தளத்துக்கு வந்தபோது ஒரு செல்கூடப் பிரியவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியிருந்தன.

"புண்ண ஆத்துததுக்கு ஓட்டமா ஓடுது. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "இப்பம் ஓரத்துல பாரு."

மேல்தளம் ஓரிடத்தில் அரித்துப்போய் அழுக்குப் படிந்திருந்தது. அந்த அழுக்குக்குள் வெளிறிய உருண்டைகள் சில. உருண்டைக்குள்ளே விழுங்கிய சிவப்பணுக்கள். அமீபா. சீதபேதியைக் கொண்டுவரும் அதே கிருமி. அது சில பேருக்குக் குடலில் புண்ணாக்கி, வீங்கி, கையில் தட்டுப்படும் கட்டியாகவே ஆகிவிடும். பார்வைக்கும் விரலுக்கும் புற்றுநோய் போலவே இருக்கும். மாத்திரை கொடுத்தால் கரையும். கிருமி இருந்தது மேல்பக்கத்தில். மேல்பக்கம் வெட்டுப்படாததால் முதல் ஸ்லைடில் அதுவும் இல்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. இன்னொரு ஸ்லைடில் வேறு சாயம் ஏற்றச் சொன்னார். கிருமி அதில் இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தார். பேசிவிட்டு என்னிடம், "மேல்பக்கம் எங்கேன்னு நான் சனிக்கெழமையே கேட்டுருக்கணும்" என்று மட்டும் சொன்னார். என் வியாதியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதே இல்லை.

நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்து முழுச் சோற்றையும் சாப்பிட்டேன்.

6. அவர்களிடம் சொன்னது

மாலையில் சர்ஜன் கணவன் மனைவி இருவரையும் எங்களிடம் அனுப்பினார். இசக்கிமுத்துவை டாக்டர் உள்ளே கூப்பிட்டு, மறுபடி வெட்டிப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை, கிருமிப் புண், ஆபரேஷன் இப்போது வேண்டாம், மாத்திரை சாப்பிட்டுவிட்டு மறுபடி பயாப்சி எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். புதிய ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தது நான்.

பேச்சியம்மாள் கவரை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "அப்பம் முந்தி சொன்னது?"

டாக்டர் சொல்லிவிட்டாரே என்று நான் விட்டிருக்கலாம்.

"முந்தி துண்ட மெழுகுல தப்பாப் படுக்க வச்சிருந்துச்சு. அதனால பாக்க வேண்டிய பக்கம் தெரியல. வச்சது நான்தான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நாலு நாளா எம் பிள்ளையளுக்குச் சோறு எறங்கல, சிஸ்டர். இந்த மனுசன் ராத்திரி எந்திரிச்சு உக்காந்து வயித்தத் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தாவ. நீங்க லேசா சொல்லுதீய."

நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். தலையைக் குனிந்துகொண்டேன்.

இசக்கிமுத்து மனைவியின் கையிலிருந்து கவரை வாங்கினார். "ஏட்டி, விடு. அவிய சொல்லாம இருந்திருந்தாவன்னா நாளைக்கு இந்நேரம் நான் எங்கன கெடப்பேன்?"

 பேச்சியம்மாள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா சாப்பிட வேண்டும் என்று என்னிடமே கேட்டார். பின்னால் என்றேன். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மூன்று வாரத்தில் கட்டி பாதியானது. இரண்டு மாதம் கழித்து சர்ஜனின் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அப்போது எடுத்த பயாப்சித் துண்டுகளை, யார் கேட்டும் விட்டுக்கொடுக்காமல், நானே வைத்தேன். கிணறுகள் நேராக நின்றன. அடியில் இருந்த அவசரம் போயிருந்தது. வேலை முடிந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள அந்தச் செல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இசக்கிமுத்து மறுபடி டூட்டியில் சேர்ந்துவிட்டார் என்று அந்த ரூட்டில் வரும் ஒரு நோயாளி சொன்னார்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போது எங்கள் ரெஜிஸ்டரில் குடல் துண்டுகளுக்கு ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது. மேல்தளம் தெரிகிறதா, ஆம் அல்லது இல்லை. ஸ்லைடு டாக்டர் மேஜைக்குப் போகும் முன் வெட்டியவரே மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுத வேண்டும். இல்லை என்றால் டாக்டர் ரிப்போர்ட் எழுத மாட்டார். பிளாக் திரும்பி வரும். இது அண்ணாச்சி கொண்டுவந்த வழக்கம். நான் கொண்டுவந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், சரியல்ல.

பயப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் இன்றும் பயப்படுகிறேன். மகன் பள்ளிக்கூட வேனில் ஏறினானா என்று இன்றைக்கும் போன் செய்து கேட்டேன். ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ளக்கூடிய சந்தேகம் உண்டு, எவ்வளவு பார்த்தாலும் தீராத சந்தேகமும் உண்டு. இரண்டாவது வகை எனக்கும் என் வீட்டுக்கும் உள்ள பாடு. முதல் வகை வந்தால் போய்ப் பாருங்கள். பார்த்ததைச் சொல்லிவிடுங்கள். யார் கையெழுத்து போட்டிருந்தாலும் சொல்லுங்கள். உங்கள் கை செய்த தவறாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்லுங்கள்.

துண்டைப் படுக்க வைத்ததற்காக என்னை நான் மன்னித்துவிட்டேன். அது கை செய்தது. திங்கட்கிழமை டாக்டர் மேஜைக்கு மூன்றாவது முறை போய், சும்மா திரும்பி வந்தேனே, அதை இன்னும் மன்னிக்கவில்லை. அவர்கள் பட்ட நாலு நாளில் ஒரு நாளை நான் அப்போதே குறைத்திருக்கலாம்.